வாயில் கவ்வியதை நாய்க்குட்டி விட்டுக்கொடுக்க: வீட்டிலேயே பழக்கும் முறை

தோட்டத்து வீடுகளில் நாய் வளர்க்காதவர்கள் குறைவு. ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் காவல் வேண்டும். இரவில் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தால் குரல் கொடுக்கவும் நாய் வேண்டும். ஆனால் குட்டியாக வந்த முதல் ஆறேழு மாதங்களில் அது செய்யும் சேதமும் கொஞ்சமல்ல. செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். சொட்டுநீர்க் குழாயைக் கடித்து இழுக்கும். கோழிக்குஞ்சைக் கவ்வும். துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும். பிடித்து வாயைத் திறக்கப் போனால் உறுமும்.

"பந்தைப் போட்டால் ஓடிப்போய் எடுக்கிறது. ஆனால் கொடுக்க மாட்டேன் என்கிறது. அடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது." பயிற்சிகளில் விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்க விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் பந்தை விடத் தெரியாத குட்டிதான் வளர்ந்த பிறகு எலி மருந்து தடவிய கருவாட்டையும் விடாமல் விழுங்கும். வாயில் எலும்பு இருக்கும்போது பக்கத்தில் போன குழந்தையின் கையைக் கடிக்கும். பந்தை வைத்துப் பழக்குவது இந்த இரண்டு ஆபத்துக்கும் முன்கூட்டியே போடும் வேலி.

இதற்கு விலை உயர்ந்த பொருளோ பயிற்சியாளரோ தேவையில்லை. ஒரு அவித்த முட்டை, இரண்டு கயிற்று முடிச்சுகள், தினமும் பத்து நிமிடம் போதும். அடிப்படை விதி ஒன்றுதான்: வாயில் இருப்பதைப் பிடுங்காதீர்கள், அதற்கு மாற்றாக ஒன்றைக் கொடுங்கள், பிறகு முதலில் வாங்கியதையும் திருப்பிக் கொடுங்கள்.

குட்டி ஏன் விடுவதில்லை?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பல். நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள். ஏறக்குறைய நான்காவது மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் முளைத்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு நமநமவென்று இருப்பதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். இது கெட்ட பழக்கமில்லை, வளர்ச்சி.

இரண்டாவது, விளையாட்டு. குட்டி செருப்பை எடுத்ததும் வீட்டில் இருக்கும் நாலு பேரும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினால், அதற்கு அது பெரிய கொண்டாட்டம். செருப்பை எடுத்தால் எல்லோரும் என்னோடு விளையாட வருகிறார்கள் என்று அது கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, இழப்பு. ஒவ்வொரு முறை மனிதர் கை அருகில் வரும்போதும் வாயில் இருப்பது பறிபோகிறது என்றால், கையைக் கண்டதும் ஓடுவது, அவசரமாக விழுங்குவது, உறுமுவது என்று குட்டி தற்காத்துக்கொள்ளும்.

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-ஆம் ஆண்டில் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு நடத்திய சோதனைகள் புகழ்பெற்றவை. நல்ல பலன் தந்த செயலை விலங்கு மறுபடியும் செய்யும், பலன் தராததைப் படிப்படியாகக் கைவிடும் என்பது அவற்றிலிருந்து கிடைத்த பாடம். பால் கறக்கும் நேரத்தில் தவிட்டு வாளியைக் கண்டதும் மாடு தானாகவே கட்டுத்தறிக்கு வந்து நிற்பதும் இதே கணக்குத்தான். நாய்க்கும் இதைத்தான் பயன்படுத்தப் போகிறோம். வாயைத் திறந்தால் நல்லது நடக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

* துரத்தக் கூடாது. நான்கு கால் பிராணியை ஓடிப் பிடிக்க நம்மால் முடியாது. முயற்சி செய்தால் அதற்கு ஓடும் பழக்கம்தான் வலுப்படும்.
* தாடையை அழுத்தியோ விரலை உள்ளே விட்டோ வாயைத் திறக்கக் கூடாது. பால்பல் ஊசிபோல் இருக்கும், நம் கையைக் கிழிக்கும். குட்டியும் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.
* பொருளோடு நம்மிடம் வந்த குட்டியை அடிக்கவே கூடாது. செருப்பை எடுத்ததற்காக அடித்ததாக நாம் நினைப்போம். பக்கத்தில் வந்ததற்கு அடி விழுந்ததாகக் குட்டி நினைக்கும். அடுத்த முறை வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடும்.
* பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்கக் கூடாது. பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது.
* வேடிக்கைக்காக "சூ" காட்டி எதையாவது பிடிக்க ஏவிவிட்டு, பிறகு விடச் சொல்லி அதட்டக் கூடாது. குட்டிக்குக் குழப்பமே மிஞ்சும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

குட்டியை எட்டு வார வயதுக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது நல்லது. கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அது கற்கிறது. வீட்டுக்கு வந்து, புது இடத்துக்குப் பழகி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நான்காம் நாளிலேயே பாடத்தை ஆரம்பிக்கலாம்.

காளைக்கன்றை ஏருக்குப் பழக்கும்போது முதல் நாளே பாரம் ஏற்றுவதில்லை. பழகிய மாட்டோடு சேர்த்து வெறும் நுகத்தடியைப் பூட்டிக் கொஞ்ச தூரம் நடத்துகிறோம். அந்தப் பொறுமை இதற்கும் வேண்டும். ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், காலையும் மாலையுமாக இரண்டு வேளை போதும். சாப்பாடு வைப்பதற்கு முன், கொஞ்சம் பசியோடு இருக்கும்போது செய்தால் ஆர்வம் கூடும்.

கோடையில் வெயில் ஏறிய பிறகு பந்து போட்டு ஓட விடக் கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதிகாலையும் சூரியன் இறங்கிய பின்னும்தான் ஏற்ற நேரம்.

தேவையான பொருட்கள்

கடிக்கும் பொருள் இரண்டு: பழைய பருத்தி வேட்டியை மூன்றாகக் கிழித்துப் பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். ஒரு முழ நீளம் போதும். ஒரே மாதிரி இரண்டு வேண்டும். ரப்பர் பந்தாக இருந்தால் குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போக முடியாத அளவில் இருக்க வேண்டும். சிறிய பந்து தொண்டையில் அடைத்து உயிர்போக வாய்ப்பு உண்டு.

கொடுக்கக் கூடாத பொருட்கள்: மக்காச்சோளத் தக்கை (விழுங்கினால் குடலை அடைக்கும்), பிளாஸ்டிக் பாட்டில், நைலான் கயிறு, சிம்பு கிளம்பும் குச்சி, கல், வேகவைத்த எலும்பு. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

தீனி: அவித்த முட்டை, அல்லது உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல். துவரம்பருப்பு அளவுக்குச் சிறிதாக நறுக்கிக்கொள்ளுங்கள். வயிற்றை நிரப்புவதற்கு இது சாப்பாடு இல்லை, நாக்கில் ருசி பட்டால் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. கசாப்புக் கடைக் கழிவைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஆடு மாடுகளின் ஈரல், நுரையீரலில் இருக்கும் நீர்க்கட்டிகள் வழியாக நாய்க்கு நாடாப்புழு ஏறும். அதன் முட்டை நாயின் சாணம் வழியாக மனிதருக்கும் வரும்.

கயிறு: கழுத்துப்பட்டையில் கட்ட 15 அடி நீளத்தில் மெல்லிய நூல் கயிறு. இழுப்பதற்காக இல்லை. குட்டி பொருளோடு வயலுக்குள் ஓடிவிடாமல் இருக்க மட்டும்.

பழக்கும் படிகள்

படி 1: மாற்றிக் கொடுத்தல் (முதல் 3 அல்லது 4 நாட்கள்)

திண்ணை, நடை போன்ற ஒதுக்கமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாய், கோழி, குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஒரு கயிற்று முடிச்சைத் தரையில் ஆட்டிக் காட்டுங்கள். குட்டி கவ்வியதும் நீங்கள் பிடித்திருக்கும் முனையை ஆட்டாமல் அசையாமல் வைத்திருங்கள். இழுக்க ஆள் இல்லையென்றால் விளையாட்டு செத்துவிடும். அப்போது இரண்டாவது முடிச்சை மறுகையால் தரையில் உயிருள்ள எலிபோல் ஓடவிடுங்கள். குட்டி முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதுக்குத் தாவும். தாவியதும் அதையே கவ்வ விடுங்கள். இதை ஐந்தாறு முறை செய்து நிறுத்திவிடுங்கள். இந்தப் படியில் எந்தச் சொல்லும் சொல்ல வேண்டாம்.

படி 2: தீனிக்கு மாற்று (அடுத்த 3 அல்லது 4 நாட்கள்)

குட்டி முடிச்சைக் கவ்வியிருக்கும்போது ஒரு முட்டைத் துண்டை அதன் மூக்கருகே கொண்டு போங்கள். வாசனை பிடித்ததும் வாயைத் திறக்கும். முடிச்சு விழுந்த அந்த நொடியில் தீனியைக் கொடுங்கள். அது மென்று முடிப்பதற்குள் முடிச்சை எடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைக்காமல், உடனே திருப்பிக் கொடுங்கள்.

இந்தத் திருப்பிக் கொடுத்தலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாடம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பத்து முறை வாங்கினால் ஒன்பது முறையாவது திருப்பிக் கொடுங்கள். விட்டால் முட்டையும் கிடைக்கிறது, பொருளும் திரும்பி வருகிறது என்ற நம்பிக்கை ஏற்பட்டால், அது எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 3: சொல்லைச் சேர்த்தல் (இரண்டாவது வாரம்)

தீனியைக் காட்டினால் கட்டாயம் வாயைத் திறக்கும் என்ற நிலை வந்த பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும். "விடு" என்ற ஒரு சொல் போதும். வீட்டில் ஒருவர் "விடு", இன்னொருவர் "குடு", மற்றொருவர் "கீழ போடு" என்று சொல்லக் கூடாது. எல்லோருக்கும் ஒரே சொல்.

முதலில் "விடு" என்று சாதாரணக் குரலில் ஒரு முறை சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு தீனியைக் காட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் சொல், பிறகு தீனி. சில நாட்களில் தீனி வருவதற்கு முன்பே, சொல்லைக் கேட்டதும் வாய் திறப்பதைப் பார்ப்பீர்கள். அந்த முறை ஒன்றுக்கு மூன்று துண்டுகளாகக் கொடுங்கள்.

"விடு, விடு, விடுடா" என்று அடுக்கிக்கொண்டே போனால், நாலாவது முறை சொல்லும்போது விட்டால் போதும் என்று அது பழகிக்கொள்ளும்.

படி 4: எடுத்து வந்து கொடுத்தல் (மூன்றாவது வாரம்)

நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பொருளை ஐந்தாறு அடி தூரத்தில் மட்டும் போடுங்கள். குட்டி எடுத்ததும் அதை நோக்கிப் போகாதீர்கள். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னோக்கி நடங்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். நேருக்கு நேர் குனிந்து கையை நீட்டினால் குட்டிக்கு அது மிரட்டலாகத் தெரியும்.

அருகில் வந்ததும் உடனே வாயில் கை வைக்க வேண்டாம். முதலில் நெஞ்சிலும் தோளிலும் தடவிக் கொடுங்கள். பொருள் அதன் வாயிலேயே இருக்கட்டும். ஐந்தாறு நொடி கழித்து "விடு" சொல்லுங்கள். தீனி கொடுங்கள். உடனே மறுபடியும் பொருளைத் தூக்கிப் போடுங்கள். கொஞ்ச நாளில் மறுபடி போடுவதே அதற்குப் பரிசாகிவிடும். அப்போது தீனியைக் குறைக்கலாம். மூன்று முறைக்கு ஒருமுறை, பிறகு ஐந்து முறைக்கு ஒருமுறை என்று ஒழுங்கில்லாமல் கொடுத்து வந்தால் போதும்.

படி 5: கடினத்தைக் கூட்டுதல் (நான்காவது வாரம் முதல்)

கயிற்று முடிச்சை விடும் குட்டி, செருப்பையும் விடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆசை குறைந்த பொருளில் தொடங்கி, ஆசை கூடிய பொருளுக்கு மெதுவாகப் போங்கள். முடிச்சு, பிறகு துணி, பிறகு தேய்ந்த குழாய்த் துண்டு, கடைசியாகப் பெரிய பச்சை எலும்பு என்பது ஒரு வரிசை. இடமும் அப்படியே மாற வேண்டும். முதலில் திண்ணை, அடுத்து வாசல், அடுத்து களம், பிறகு ஆடு மேயும் வரப்பு. பொருளும் இடமும் ஒரே நாளில் மாறக் கூடாது. ஒரு படியில் மூன்று முறை தொடர்ந்து தோற்றால், முந்தைய படிக்குத் திரும்பி அங்கே ஜெயிக்க வைத்து அன்றைய பாடத்தை முடியுங்கள்.

உயிருள்ள குஞ்சை வைத்து எந்தச் சோதனையும் வேண்டாம். பாடம் முடியும்வரை குஞ்சுகளைக் கூடையிலும் குட்டியைக் கயிற்றிலும் வைத்திருப்பதே சரி.

ஏற்கெனவே ஓடிப் பழகிய நாய் என்றால்

எட்டு மாதம், ஒரு வயது ஆன நாய்களையும் திருத்தலாம். காலம் சற்றுக் கூடுதலாகும்.

பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால் அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடங்கள். கொல்லைப்புறம் போய்த் தீனி டப்பாவைத் தட்டுங்கள், அல்லது தரையில் உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல் மண்ணைக் கிளறுங்கள். துரத்த ஆள் இல்லாதபோது நாய்க்கு ஓட்டத்தில் சுவாரசியம் போய்விடும். அருகில் வந்ததும் ஏழெட்டுத் தீனித் துண்டுகளைத் தரையில் சிதறிவிடுங்கள். பொறுக்கித் தின்ன வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். பொருள் கீழே விழுந்ததும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். இன்னும் சில துண்டுகளை ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். நாய் அங்கே நகர்ந்த பிறகு பொருளை எடுங்கள்.

இது அவசரத்துக்கான வழி. தினமும் படி 1 முதல் 5 வரை பழக்கினால்தான் நிரந்தரத் தீர்வு.

இனத்துக்கு ஏற்ற கவனம்

லாப்ரடார்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்தது. பின்னர் பிரிட்டனில், சுட்டு விழுந்த பறவைகளை எடுத்து வருவதற்காகவே வளர்க்கப்பட்டது. எடுத்து வருவது இதன் ரத்தத்தில் இருக்கிறது. தீனி ஆசையும் அதிகம். ஆகவே விரைவில் கற்கும். தீனிக்கு ஏற்ப அன்றாடச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உடல் பருத்துவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி: பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். ஓடும் பொருளைத் துரத்துவதில்தான் இவற்றுக்கு இன்பம், எடுத்து வருவதில் ஆர்வம் குறைவு. திருப்பிக் கொண்டுவரவில்லை என்பதற்காகக் கோபப்பட வேண்டாம். கவ்வியதை "விடு" என்றதும் விட்டால் போதும். இவற்றுக்குப் படி 1 நன்றாக வேலை செய்யும்.

கோம்பை: துணிச்சலும் காவல் குணமும் மிகுந்தது. தன்னுடையதைக் காக்கும் குணம் பொருளிலும் காட்டலாம். பிடுங்காமல் பழக்குவது இதற்கு மிகவும் அவசியம்.

இராஜபாளையம்: வெள்ளை நிறக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. தூங்கும்போது சற்றுத் தள்ளி நின்று கையைத் தட்டிப் பாருங்கள். காது அசையவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தகைய குட்டிக்குச் சொல்லுக்குப் பதிலாகக் கை விரித்துக் காட்டும் சைகையை, இதே வரிசையில், பழக்கலாம். சொல் பேச்சு கேட்காத நாய் என்று அடி வாங்கும் குட்டிகளில் இப்படிக் காது கேளாதவையும் இருக்கலாம்.

உறுமினால் என்ன செய்வது?

உறுமல் என்பது எச்சரிக்கை. "பக்கத்தில் வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. உறுமியதற்காக அடித்தால் உறுமலை மட்டும்தான் நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

உறுமும் முன்பே சில அடையாளங்கள் தெரியும். உடல் விறைத்து அசையாமல் நிற்கும். தலையைப் பொருளின் மேல் கவிழ்க்கும். கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். அவசர அவசரமாக விழுங்கும். இவற்றைக் கண்டால் அப்படியே நின்றுவிடுங்கள். தூரத்திலிருந்து நல்ல தீனியைத் தூக்கிப் போட்டுவிட்டு விலகிப் போங்கள். பல நாட்கள் இப்படிச் செய்து, நீங்கள் அருகில் வந்தால் நல்லது கிடைக்கும் என்று பழக்கிய பிறகே நெருங்க வேண்டும். பல் பதியக் கடிக்கும் நாய், அல்லது இதுவரை சாதுவாக இருந்து திடீரென்று உறுமும் நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் வலி, காது வலி போன்ற நோவாலும் குணம் மாறும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில்

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரியவர் இல்லாமல் நாயோடு இந்தப் பாடத்தைச் செய்யக் கூடாது. நாய் தின்னும்போதும் எலும்பு கடிக்கும்போதும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லி வையுங்கள். குழந்தையின் பொம்மையை நாய் எடுத்துவிட்டால், தானே பிடுங்காமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

சின்னப் பல் பட்டாலும், வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. முன்னால் தடுப்பதுதான் வழி. குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று எனத் தவறாமல் போட வேண்டும்.

எலி மருந்தைக் கவ்விவிட்டால்

வயலில் எலிக்கு மருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிப் போடுவதே முதல் பாதுகாப்பு. மருந்தை வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு நஞ்சேறும்.

அதையும் மீறிக் கவ்விவிட்டால் கத்தாதீர்கள், ஓடாதீர்கள். நீங்கள் பதறினால் அது விழுங்கிவிடும். வழக்கமான குரலில் "விடு" சொல்லுங்கள். ஒரு மாதம் முட்டைத் துண்டோடு பழக்கியதன் பலன் இந்த ஒரு நொடியில் கிடைக்கும். விட்டதும் நாயை அப்புறப்படுத்திவிட்டு மருந்தை எடுங்கள். இந்தப் பொருளை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் கையில் இருக்கும் நல்ல தீனியைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் விஷத்தைக் கொஞ்சமாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தீனி எதுவும் கொடுக்க வேண்டாம்.

விழுங்கிவிட்டால் மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

* துத்தநாக பாஸ்பைடு (கறுப்புச் சாம்பல் நிறத் தூள்): வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. இதற்கு மாற்று மருந்து கிடையாது. எண்ணெய், பால், சோறு எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். நாய் வாந்தி எடுத்தால் அதிலிருந்து வரும் வாயு நமக்கும் நஞ்சு. வண்டியின் கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள்.
* புரோமாடியோலோன் (வில்லையாகக் கிடைப்பது): இரத்தம் உறைவதைத் தடுக்கும். இரண்டு மூன்று நாள் வரை நாய் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். பிறகுதான் ஈறு வெளுத்தல், மூக்கிலும் சாணத்திலும் இரத்தம், மூச்சு வாங்குதல் தெரியவரும். முதல் நாளே கொண்டுபோனால் வைட்டமின் கே சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வீட்டு வைத்தியம் ஆபத்தானது. 1962 என்ற இலவச எண்ணில் அழைத்து, அருகில் உள்ள கால்நடை மருத்துவ உதவி பற்றிக் கேட்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீனி காட்டினால்தான் விடுவேன் என்று ஆகிவிடாதா?

தீனியைக் காட்டிவிட்டுச் சொல்லைச் சொன்னால் அப்படித்தான் ஆகும். சொல் முன்னால், தீனி பின்னால் என்ற வரிசையைக் காத்தால் ஆகாது. பழகிய பிறகு தீனி சட்டைப் பையில் மறைந்திருக்கட்டும். சில முறை தீனி, சில முறை மறுபடி பந்து போடுதல், சில முறை தட்டிக் கொடுத்தல் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கயிறு இழுக்கும் விளையாட்டு விளையாடலாமா?

விளையாடலாம். பல் முளைக்கும் நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை வேகமாக இழுக்கக் கூடாது. பல் நம் தோலில் பட்டால் அந்த நொடியே விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். நடுநடுவே "விடு" சொல்லி, விட்டதும் மறுபடி தொடர்ந்தால் இதுவே நல்ல பயிற்சி.

பக்கத்தில் வருகிறது. ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

முன்பு பிடுங்கப்பட்ட நினைவு இருக்கிறது. நீங்கள் கை நீட்டாதீர்கள். அது நிற்கும் இடத்திலேயே "விடு" சொல்லி, தீனியை அதன் முன்னால் போட்டு, பொருளைத் தொடாமல் விடுங்கள். நாளுக்கு நாள் தூரம் தானாகக் குறையும்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஏறுமா?

ஏறும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சொல்வார்கள். வாலை நிமிர்த்த வேண்டிய தேவை நமக்கு இல்லை, வாய் திறந்தால் போதும். தெருவில் தானாக இரை தேடி வளர்ந்த நாய்க்குச் சாப்பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் கூடுதலாக இருக்கலாம். அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நினைவில் வைக்க

* துரத்தாதீர்கள், பிடுங்காதீர்கள், அடிக்காதீர்கள்.
* வீட்டில் எல்லோருக்கும் "விடு" என்ற ஒரே சொல்.
* முதலில் சொல், பிறகு தீனி, பிறகு பொருளைத் திருப்பிக் கொடுத்தல்.
* ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
* பழகிய பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சியைத் தொடருங்கள்.
* மருந்து வைக்கும் நாளில், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், கட்டிப் போடுங்கள்.

குட்டி இப்போது உங்கள் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தால், இன்று மாலையே ஒரு முட்டையை அவித்து முதல் பாடத்தைத் தொடங்குங்கள்.